புளூடூத்தில் பாட்டு விக்குகிறதா? இணைப்பின் வேகத்தை நாமே அளந்து ஒலியைச் சரிசெய்யும் வழி

வைஃபையில் இணைந்ததும் 'இணைப்பு வேகம் இத்தனை மெகாபிட்' என்று ஃபோனே சொல்லிவிடும். புளூடூத்துக்கு அந்த வழக்கம் கிடையாது. இணைந்திருக்கிறது, இணையவில்லை என்ற இரண்டைத் தவிர செட்டிங்ஸ் பக்கம் வாய் திறக்காது. ஃபோனிலிருந்து ஹெட்போனுக்கு இந்த நொடியில் எவ்வளவு தரவு போய்ச் சேர்கிறது என்று தெரியாததால், புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, பட்டியலில் இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். இரண்டு நாளில் பாட்டு விக்க ஆரம்பித்ததும் ஹெட்போனைத் திட்டுகிறார்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான்.

வேகத்தை நேராகப் பார்க்க முடியாவிட்டாலும் சுற்றுவழியில் பிடித்துவிடலாம். ஆண்ட்ராய்டு ஃபோனோ லினக்ஸ் கணினியோ இருந்தால் ஒரு மாலைப்பொழுது போதும். இணைப்பு நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு தாங்குகிறது என்பது பெரிய விஷயமில்லை. கூட்டத்தில், ஃபோன் பின்பாக்கெட்டில் கிடக்கும்போது எவ்வளவு தாங்குகிறது என்பதைத்தான் அளக்கப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

'வேகம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒன்று ரேடியோவின் வேகம், அதாவது காற்றில் நொடிக்கு எத்தனை பிட் போக முடியும் என்பது. மற்றது கோடெக்கின், அதாவது பாட்டைச் சுருக்கும் முறையின், பிட்ரேட். பாட்டைச் சுருக்கியபின் நொடிக்கு எத்தனை பிட் போயாக வேண்டும் என்பது அது. முன்னது வரவு, பின்னது செலவு. செலவு வரவை நெருங்கினாலே தொல்லைதான்.

பாட்டு கேட்பதற்கான வழக்கமான புளூடூத், அதாவது ஏ2டிபி, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 79 சேனல்களுக்கு இடையே நொடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் 625 மைக்ரோநொடி. அதை ஒரு ஸ்லாட் என்பார்கள். தொடக்கத்தில் வேகம் நொடிக்கு 1 மெகாபிட். 2004இல் வந்த புளூடூத் 2.0இல் இடிஆர் என்ற வசதி சேர்ந்து 2 மெகாபிட்டும் 3 மெகாபிட்டும் கிடைத்தன. இன்று உங்கள் பாட்டு போவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான்.

2 மெகாபிட் முறையின் பெரிய பாக்கெட்டுக்கு 2-டிஎச்5 என்று பெயர். ஐந்து ஸ்லாட் நேரம் எடுத்துக்கொண்டு 679 பைட் சுமக்கும். அதற்கு ஹெட்போன் 'வந்து சேர்ந்தது' என்று பதில் சொல்ல இன்னொரு ஸ்லாட். ஆக ஆறு ஸ்லாட், 3.75 மில்லிநொடி. 679 பைட்டை 3.75 மில்லிநொடியால் வகுத்துப் பார்த்தால் நொடிக்கு சுமார் 1448 கிலோபிட் வரும். 3-டிஎச்5 பாக்கெட் அதே நேரத்தில் 1021 பைட் சுமப்பதால் 2178 கிலோபிட். பெயரில் 3 மெகாபிட் என்று இருந்தாலும் கைக்கு வருவது 2.1தான். அதுவும் ஒரு பாக்கெட்கூடத் தொலையாமல் இருந்தால்.

தொலைந்தால் என்ன ஆகும்? திரும்ப அனுப்பப்படும். இந்த இடத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சிக்னல் குறைந்தால் ஒலி மங்கும், கரகரக்கும் என்று நினைக்கிறார்கள். அது பழைய எஃப்எம் ரேடியோவின் குணம். புளூடூத்தில் தொலைந்த பாக்கெட் திரும்ப வருகிறது, ஒலி அப்படியே இருக்கிறது. ஹெட்போன் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும் இருப்பு தீர்ந்த கணத்தில் மட்டும் 'டப்' என்று ஒரு இடைவெளி. அதனால் விக்கல்தான் நம் வேகமானி. மங்கல் கேட்டால் காரணம் வேறு. பெரும்பாலும் கோடெக் மாறியிருக்கும், அல்லது மைக் திறந்திருக்கும். மைக் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இதே கணக்கை கோடெக் பக்கமும் போடலாம். எல்லா புளூடூத் ஹெட்போனிலும் கட்டாயம் இருக்கும் எஸ்பிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழக்கமான உயர்ந்த அமைப்பு பிட்பூல் 53 (ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு துண்டு ஒலிக்கு, எவ்வளவு பிட் என்பதைத் தீர்மானிக்கும் எண் அது). 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிளுக்கு ஒரு ஃபிரேம், ஃபிரேமின் அளவு 119 பைட். நொடிக்கு சுமார் 344 ஃபிரேம், அதாவது 328 கிலோபிட். 2-டிஎச்5 பாக்கெட்டில் தலைப்புப் பகுதிகள் போக ஐந்து ஃபிரேம் அடங்கும். ஆக நொடிக்கு 69 பாக்கெட், தலா 3.75 மில்லிநொடி, மொத்தம் கால் நொடி. நொடியின் நான்கில் ஒரு பங்கில் வேலை முடிந்துவிடுகிறது. மீதி முக்கால் பங்கு திரும்ப அனுப்பும் வேலைக்குக் கையிருப்பு. எஸ்பிசி எவ்வளவு நெரிசலிலும் அலுங்காமல் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது சோனியின் உயர்தரக் கோடெக்கான எல்டாக்கின் 990 கிலோபிட்டைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 330 பைட், நொடிக்கு 375 ஃபிரேம். ஒரு 2-டிஎச்5 பாக்கெட்டில் இரண்டு ஃபிரேம்தான் அடங்கும். நொடிக்கு 187 பாக்கெட்டுக்கு மேல் தேவை, 0.7 நொடி அதற்கே போய்விடுகிறது. மிச்சம் 30 சதவீதம். அதிலும் ஃபோனின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் அதற்கும் பங்கு கொடுக்க வேண்டும், பல ஃபோன்களில் இரண்டுக்கும் ஒரே சிப், ஒரே ஆன்டெனா. 660 கிலோபிட்டில் செலவாகும் நேரம் நொடியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, 330இல் கால் பங்குக்கும் குறைவு. கையிருப்பு எவ்வளவு என்பதை வைத்துத்தான் கோடெக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 1: இப்போது எது ஓடுகிறது என்று பாருங்கள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன் போய், பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். ஹெட்போனை இணைத்து, பாட்டையும் ஓடவிட்டு, அதற்குள் போய் 'புளூடூத் ஆடியோ கோடெக்' என்ற வரியைப் பாருங்கள். பாட்டு ஓடாமல் பார்த்தால் சில ஃபோன்களில் பழைய தகவலோ வெறுமையோதான் தெரியும். பக்கத்திலேயே சாம்பிள் ரேட், பிட்ஸ் பெர் சாம்பிள், எல்டாக் இருந்தால் அதன் தர அமைப்பும் இருக்கும்.

லினக்ஸில் பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலைத் திறந்து கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ஹெட்போனுக்கு எதிரே உள்ள புரொஃபைலைப் பாருங்கள். பைப்வயர் என்ற புதிய ஒலி அமைப்பு இருக்கும் கணினி என்றால் எஸ்பிசி, எஸ்பிசி-எக்ஸ்க்யூ, ஏஏசி, எல்டாக் என்று கோடெக் பெயரோடு வரிசையாக இருக்கும், அங்கேயே மாற்றவும் செய்யலாம். இந்த வேலைக்கு லினக்ஸ் அளவுக்கு வசதி வேறெங்கும் இல்லை.

விண்டோஸ் செட்டிங்ஸில் கோடெக் பெயர் தெரியாது. விண்டோஸ் 10இல் எஸ்பிசியும் ஆப்டிஎக்ஸும் உண்டு, ஏஏசி விண்டோஸ் 11இல் சேர்ந்தது என்பதை வைத்து ஊகிக்கலாம். ஐஃபோனில் தேர்வுக்கே இடமில்லை. ஹெட்போன் ஏஏசி தாங்கினால் ஏஏசி, இல்லாவிட்டால் எஸ்பிசி. ஐஃபோன்காரர்கள் நேராக இணைப்பைச் சீராக்கும் பகுதிக்குப் போய்விடலாம். அவர்கள் செய்யக்கூடியது அதுதான், அது சின்ன வேலையும் அல்ல.

இனி மைக். ஹெட்போனின் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்தால் ஏ2டிபி விலகி, அழைப்புக்கான முறை வந்து உட்கார்ந்துவிடும். அதன் பழைய வடிவத்தில் ஒலி 8 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கோடு 64 கிலோபிட், சற்றுப் புதிய எம்எஸ்பிசியில் 16 கிலோஹெர்ட்ஸ். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். கணினியில் வீடியோ மீட்டிங் செயலியை மூடாமல் விட்டுவிட்டு, 'ஹெட்போன் தரம் போய்விட்டது' என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு மருந்து இதுதான்: செயலியில் மைக்காக லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

படி 2: ரேடியோ 2 மெகாபிட்டா, 3 மெகாபிட்டா?

இதைத் தெரிந்துகொள்வது கொஞ்சம் தொழில்நுட்ப வேலை. அவசரம் என்றால் படி 3க்குத் தாவலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

லினக்ஸில் பிடிமான் என்றொரு கருவி உண்டு (பி, டி, எம், ஓ, என் என்று எழுத்துகள்). டெர்மினலில் நிர்வாகி உரிமையோடு அதை ஓடவிட்டு, பிறகு ஹெட்போனை இணையுங்கள். திரையில் வரிவரியாக ஓடும். அதில் எதிர்முனைக் கருவியின் வசதிகளைக் கேட்டு வரும் பதில் ஒன்று இருக்கும். அந்தப் பட்டியலில் இடிஆர் 2 மெகாபிட், இடிஆர் 3 மெகாபிட் என்று இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இரண்டாவது வரி இல்லையென்றால் உங்கள் ஹெட்போனுக்கு 1448தான் உச்சவரம்பு. அதற்குமேல் எந்த செட்டிங்கும் உதவாது.

ஆண்ட்ராய்டில் இதையே டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள 'புளூடூத் எச்சிஐ ஸ்னூப் லாக்' என்ற போக்குவரத்துப் பதிவு மூலம் பார்க்கலாம். அதை முழுமையாக இயக்குங்கள். 'ஃபில்டர்ட்' என்ற அரைகுறைத் தேர்வு வேண்டாம். புளூடூத்தை அணைத்துப் போட்டு, ஹெட்போனை இணைத்து, ஒரு நிமிடம் பாட்டு கேட்டுவிட்டு, அதே பக்கத்தில் உள்ள பக் ரிப்போர்ட்டை எடுங்கள். கிடைக்கும் ஜிப் கோப்புக்குள் புளூடூத் லாக் இருக்கும். கணினியில் வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருளில் திறந்தால் எல்லாம் தெரியும். ஹெட்போன் சொன்ன வசதிகள், கோடெக் பேச்சுவார்த்தை, எஸ்பிசி என்றால் பிட்பூலின் மேல்வரம்பு உட்பட. இந்தக் கோப்பில் உங்கள் புளூடூத் கருவிகள் அனைத்தின் போக்குவரத்தும் பதிவாகியிருக்கும் என்பதால் உதவி கேட்கும்போது அப்படியே பொதுவில் போட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் லாக்கை அணைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல ஃபோன்களில் ஒலியைச் சுருக்கும் வேலையை ஃபோனின் முதன்மைச் சிப் (சிபியு) செய்வதில்லை. அதற்கென்று உள்ள தனிச் சிப் செய்து நேரே புளூடூத் சிப்புக்குத் தள்ளிவிடும். அப்படியிருந்தால் லாக்கில் இணைப்புப் பேச்சு இருக்கும், பாட்டுப் பாக்கெட் ஒன்றுகூட இருக்காது. பழுது என்று நினைத்து நான் ஒரு முழு மாலை மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஏ2டிபி ஹார்ட்வேர் ஆஃப்லோடை நிறுத்து' என்ற சுவிட்சைப் போட்டு ஃபோனை மறுதொடக்கம் செய்தபின்தான் பாக்கெட்டுகள் கண்ணில் பட்டன. அளந்து முடித்ததும் அதைப் பழையபடி மாற்றிவிடுங்கள், பேட்டரிக்கு நல்லது.

பாக்கெட்டுகள் தெரிந்தால் அருமையான ஒரு அளவு கிடைக்கிறது. ஃபோன் ஒரு பாக்கெட்டை புளூடூத் சிப்பிடம் கொடுத்த நேரமும், 'அனுப்பி முடித்தேன்' என்று சிப் சொல்லும் நேரமும் லாக்கில் இருக்கும். இரண்டுக்கும் நடுவிலான இடைவெளி சில மில்லிநொடிகளில் நின்றால் இணைப்பு சுத்தம். அது திடீர் திடீரென்று பல பத்து மில்லிநொடிகளாக எகிறினால் அங்கே பாக்கெட்டுகள் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன. காதுக்கு விக்கல் கேட்பதற்கு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். பிடிமானிலும் பதிவை ஒரு கோப்பில் சேமித்து, பிறகு அதன் பகுப்பாய்வு வசதியால் இந்தத் தாமதங்களைத் தொகுத்துப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 'புளூடூத் 5, 2 மெகாபிட் வேகம்' என்று பெட்டியில் போட்டிருப்பதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2016 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு வேகம் கூட்டியது குறைமின் புளூடூத்துக்கு, அதாவது வாட்ச், சென்சார் வகையறாக்கள் பேசும் பாதைக்கு. ஏ2டிபி பாட்டு போவது 2004இல் போட்ட அதே சாலையில். சில செயலிகள் இணைப்பு வேகம் என்று 1 மெகாபிட், 2 மெகாபிட் காட்டுமே, அதுவும் குறைமின் பாதையின் எண்தான்.

சிக்னல் எண்ணில் சைஃபர் வந்தால் பயப்படாதீர்கள்

லினக்ஸில் எச்சிஐடூல் என்ற பழைய கருவி இன்னும் சில கணினிகளில் கிடைக்கிறது. ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் வலிமை), லிங்க் குவாலிட்டி (இணைப்பின் தரம்) என்று இரண்டு எண்களைக் கேட்டு வாங்கலாம். புதியவர்கள் முதல் எண் 0 என்று வந்ததும் கருவி கெட்டுவிட்டது என்கிறார்கள். வைஃபையில் மைனஸ் 50, மைனஸ் 70 என்று பார்த்துப் பழகிய கண். ஏ2டிபி ஓடும் வழக்கமான புளூடூத்தில் இந்த எண்ணுக்கு அர்த்தம் வேறு. சிப்புக்குத் தோதான ஒரு வலிமை வரம்பு இருக்கிறது. சிக்னல் அதற்குள் இருந்தால் 0, வரம்புக்குக் கீழே போனால் மைனஸ், மேலே போனால் பிளஸ். ஆக 0 என்பது நல்ல செய்தி. நடந்துகொண்டே பார்க்கும்போது மைனஸ் 10, மைனஸ் 15 என்று இறங்கிக்கொண்டே போனால்தான் கவனிக்க வேண்டும்.

லிங்க் குவாலிட்டி 0 முதல் 255 வரை. 255 சிறந்தது. ஆனால் இதை எப்படிக் கணக்கிடுவது என்பது சிப் தயாரிப்பாளரின் விருப்பம். இரண்டு கணினிகளின் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரே கணினியில் நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

படி 3: பெரிய பிட்ரேட்டை அளவுகோலாக்குங்கள்

என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான சோதனை இல்லை. கருவிகளும் அதிகம் வேண்டாம். 990 கிலோபிட்டை நான் தினசரி கேட்பதற்கு வைத்துக்கொள்வதில்லை, அளப்பதற்கு வைத்துக்கொள்கிறேன். கையிருப்பு 30 சதவீதம்தான் என்பதால் இணைப்பில் சின்னச் சரிவு வந்தாலும் உடனே விக்கலாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

டெவலப்பர் ஆப்ஷன்ஸில் கோடெக்கை எல்டாக் என்று வையுங்கள். தர அமைப்பில் நான்கு தேர்வு இருக்கும். ஒலித்தரத்துக்கு முன்னுரிமை (990), சமநிலை (660), இணைப்புக்கு முன்னுரிமை (330), பிறகு தானாகக் கூட்டிக் குறைக்கும் 'பெஸ்ட் எஃபர்ட்'. சாம்பிள் ரேட் 44.1 அல்லது 88.2 என்றால் இந்த எண்கள் 909, 606, 303 ஆகிவிடும். சோதனைக்கு 'பெஸ்ட் எஃபர்ட்' கூடாது. அது பிரச்சினையை மறைத்துவிடும். 990இல் நிறுத்துங்கள்.

பாட்டுக்குப் பதிலாக நீளமான, ஒரே சீரான ஒலி ஒன்றை ஓடவிடுங்கள். தம்புராவின் சுருதி ஒலி மிகப் பொருத்தம். பாட்டில் தாளத்துக்கு நடுவே ஒரு சின்ன வெட்டு ஒளிந்துகொள்ளும். சுருதியில் ஒளிய முடியாது. கோப்பு ஃபோனிலேயே இருக்கட்டும். இணையத்திலிருந்து ஓடினால் விக்கல் வைஃபையாலா புளூடூத்தாலா என்று தெரியாமல் போய்விடும்.

ஐந்து இடங்களில் தலா மூன்று நிமிடம் போதும். ஃபோன் எதிரே மேசையில், சட்டைப் பையில், பேன்ட் முன்பையில், பின்பையில், பிறகு பக்கத்து அறையில். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை வெட்டு என்று ஒரு தாளில் எண்ணிக் குறியுங்கள். பிறகு 660இல் ஒரு சுற்று, தேவைப்பட்டால் 330இல் ஒரு சுற்று. இடது பை, வலது பை இரண்டையும் பாருங்கள். இயர்பட்ஸ் ஜோடியில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் ஃபோனோடு நேராகப் பேசும், அது எந்தப் பக்கம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சுவர் மாதிரி. வலது காதில் ரேடியோ, இடது பின்பையில் ஃபோன் என்றால் நடுவில் நிற்பது நீங்களே.

ஒரு முறை எனக்குக் கிடைத்த கணக்கு இது: மேசையில் 990க்கு வெட்டே இல்லை, சட்டைப் பையில் ஒன்று, வலது பின்பையில் பதினொன்று. 660இல் அதே பின்பையில் ஒன்று. 'என் ஹெட்போன் 990 தாங்கும்' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவன், மேசையில் மட்டும் தாங்கும் என்று திருத்திக்கொண்டேன்.

எல்டாக் இல்லையா? லினக்ஸில் எஸ்பிசி-எக்ஸ்க்யூவை வைத்து இதையே செய்யலாம். சுமார் 450 முதல் 550 கிலோபிட் வரை கேட்கும் அமைப்பு அது. இதில் ஒரு அழகு உண்டு. 551 கிலோபிட்டில் ஒரு ஃபிரேம் 200 பைட். 3 மெகாபிட் பாக்கெட்டில் ஐந்து ஃபிரேம் அடங்கி, நொடியில் கால் பங்கில் வேலை முடிந்துவிடும். 2 மெகாபிட் என்றால் மூன்றுதான் அடங்கும், 43 சதவீத நேரம் தேவை. ஆகவே எக்ஸ்க்யூவில் ஒரு ஹெட்போன் திணறி, இன்னொன்று அதே இடத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஓடினால், முன்னது 2 மெகாபிட்டிலேயே நிற்கிறதோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. படி 2க்குப் போய் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆப்டிஎக்ஸ் எச்டி இருக்கும் ஃபோனில் அதன் 576 கிலோபிட்டையும் அளவுகோலாகப் பயன்படுத்தலாம்.

காதை நம்பாதவர்களுக்கு: யூஎஸ்பி டீபக்கிங் போட்டு, கணினியில் ஏடிபி (ஆண்ட்ராய்டு ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக புளூடூத் மேனேஜர் சேவையின் 'டம்ப்சிஸ்' அறிக்கையை எடுங்கள். நீளமான அறிக்கை. ஏ2டிபி பகுதியில், அனுப்பும் வரிசையில் எத்தனை பாக்கெட் சேர்ந்தது, எத்தனை கைவிடப்பட்டது, எத்தனை முறை வெட்டு விழுந்தது என்ற எண்கள் இருக்கும். எல்டாக் ஓடினால் இந்தக் கணத்தின் பிட்ரேட்டும் இருக்கும். 'பெஸ்ட் எஃபர்ட்'டில் வைத்துவிட்டு நிமிடத்துக்கு ஒரு முறை இந்த அறிக்கையை எடுத்தால், இணைப்பு இறங்கி ஏறுவது பிட்ரேட் எண்ணிலேயே தெரியும். புளூடூத்தில் வேகமானிக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் ஆஃப்லோட் ஓடிக்கொண்டிருந்தால் இந்த எண்கள் சைஃபராகவே நிற்கலாம், முன்னே சொன்ன சுவிட்சை நினைவில் வையுங்கள்.

படி 4: இணைப்பைச் சீராக்குங்கள், பிறகு பிட்ரேட்டை முடிவு செய்யுங்கள்

வரிசை முக்கியம். முதலில் வரவைக் கூட்டப் பாருங்கள், முடியாவிட்டால் செலவைக் குறையுங்கள்.

அதிக பலன் தருவது வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது. ஃபோனும் ரவுட்டரும் 2.4இல் பேசிக்கொண்டிருக்கும்வரை புளூடூத்துக்கு இரட்டை இடி. காற்றிலும் நெரிசல், ஃபோனுக்குள் ஆன்டெனாவுக்கும் போட்டி. புளூடூத் நெரிசலான சேனல்களைக் கண்டறிந்து தவிர்த்துத் தாவும் என்பது உண்மை. 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. ஆனால் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வைஃபை மூன்று பக்கத்து வீடுகளிலிருந்து 1, 6, 11 என்று மூன்று சேனல்களையும் பிடித்துக்கொண்டால் தாவ இடம் எங்கே? ரவுட்டரை மாற்ற முடியாதவர்கள் குறைந்தபட்சம் 2.4இல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அணைத்துவிடலாம்.

கணினிக்காரர்கள் யூஎஸ்பி 3 சாதனங்களைச் சந்தேகியுங்கள். என் லேப்டாப்பில் மாலையானால் மட்டும் பாட்டு விக்கும். பல நாள் காரணம் புரியவில்லை. கடைசியில் பார்த்தால், மாலையில்தான் பேக்கப் எடுக்க வெளி ஹார்ட் டிஸ்கைச் சொருகுவேன், அதுவும் புளூடூத் டாங்கிளுக்கு ஒட்டிய துளையில். யூஎஸ்பி 3இன் தரவுப் போக்குவரத்து 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்பதை இன்டெல் 2012இலேயே ஒரு அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டாங்கிளை ஒரு நீட்டிப்பு ஒயரில் போட்டு அரை மீட்டர் தள்ளி வைத்தேன். விக்கல் அன்றோடு நின்றது. டாங்கிளை லேப்டாப்பின் பின்புறத்தில் சொருகி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதை ஒருமுறை செய்துபார்க்கலாம்.

ஹெட்போன் ஒரே நேரத்தில் ஃபோனோடும் லேப்டாப்போடும் இணைந்திருக்கும் மல்டிபாயின்ட் வசதி நேரத்தைப் பங்கு போடுகிறது. சில ஹெட்போன்கள் அதை இயக்கியதும் எல்டாக்கையே தூக்கிவிட்டு ஏஏசிக்கோ எஸ்பிசிக்கோ இறங்கிவிடும். தரம் வேண்டுமென்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். ஃபோனை வைக்கும் பை விஷயத்தில் உங்கள் தாளில் உள்ள எண்ணிக்கையே வழிகாட்டும்.

இவ்வளவும் செய்தபின் படி 3ஐ இன்னொரு முறை ஓட்டுங்கள். நீங்கள் அதிகம் புழங்கும் இடங்களில் மிக மோசமானதில் மூன்று நிமிடத்துக்கு வெட்டே இல்லாமல் எந்த பிட்ரேட் ஓடுகிறதோ, அதை வையுங்கள். காற்றுநேரத்தில் பாதிக்கு மேல் செலவழிக்கும் எதையும் நான் வெளியில் போகும்போது நம்புவதில்லை. அதனால் எனக்கு வெளியில் 660 அல்லது அதற்குக் கீழே, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் 990. 'பெஸ்ட் எஃபர்ட்' மோசமில்லை. ஆனால் இணைப்பு ஊசலாடும் இடத்தில் அது மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும், கூர்ந்து கேட்பவர்களுக்கு அந்தத் தாவல் தெரியும். நிலையான 660 எனக்கு அதைவிடப் பிடிக்கிறது.

எண் சிறியது என்பதற்காக ஏஏசியையோ எஸ்பிசியையோ இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். வெவ்வேறு கோடெக்குகளின் பிட்ரேட்டை நேருக்கு நேர் வைத்துத் தரம் பேச முடியாது. 256 கிலோபிட் ஏஏசி 328 கிலோபிட் எஸ்பிசியைவிடக் குறைவு என்று எண் சொல்லும், காது அப்படிச் சொல்லாது. பேருந்தின் இரைச்சலில் 990க்கும் 330க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. விக்கலைக் கண்டுபிடிக்காதவரையும் சந்திக்கவில்லை.

எல்இ ஆடியோ வைத்திருப்பவர்களுக்கு

ஃபோனும் இயர்பட்ஸும் எல்இ ஆடியோ தாங்கினால் மேலே சொன்ன கணக்கு மாறும். அங்கே பாட்டு போவது குறைமின் பாதையில், 79 சேனலுக்குப் பதில் 37 சேனலில், எல்சி3 என்ற புதிய கோடெக்கில். பொதுவான அமைப்புகளில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு காதுக்கு 80, 96 அல்லது 124 கிலோபிட்தான் தேவை. இரண்டு காதுக்கும் சேர்த்தாலும் பழைய எஸ்பிசியைவிடச் சிக்கனம். இங்கே மட்டும் 2 மெகாபிட் என்று செயலிகள் காட்டும் எண்ணுக்கு உண்மையிலேயே பொருள் உண்டு. 1 மெகாபிட்டில் நின்றால் அதே பாட்டுக்கு ஏறக்குறைய இரட்டிப்புக் காற்றுநேரம் போகும். நேரம் தவறிய பாக்கெட்டை இது முடிவில்லாமல் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்காது, குறித்த கெடு தாண்டினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஆகவே விக்கலும் நீண்ட இடைவெளியாக இல்லாமல் நுணுக்கமான வெட்டுகளாகக் கேட்கலாம். அளக்கும் முறை அதேதான்: சுருதி ஒலி, ஐந்து இடம், ஒரு தாள்.

கடைசியாக, எல்லாம் செய்து முடித்து மறுநாள் பழைய தரத்திலேயே கேட்டால் சந்தேகப்பட வேண்டியது டெவலப்பர் ஆப்ஷன்ஸை. ஹெட்போனை அணைத்துப் போட்டதும் அங்கே நாம் வைத்த கோடெக் தேர்வைப் பல ஃபோன்கள் மறந்துவிடுகின்றன. சாதாரண புளூடூத் பக்கத்தில், ஹெட்போன் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தட்டினால் 'எச்டி ஆடியோ' என்றோ கோடெக் பெயரோடோ ஒரு சுவிட்ச் இருக்கும். அதை இயக்கிவிட்டு, ஹெட்போன் நிறுவனத்தின் செயலியில் 'ஒலித்தரமா, நிலையான இணைப்பா' என்ற தேர்வு இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். செயலியில் நிலையான இணைப்பு என்று கிடந்தால், ஃபோனில் எவ்வளவு தட்டினாலும் எல்டாக் பட்டியலில் வராது.